கிரீன் கார்டு: உன் தேதி உனக்குத் தெரிந்திருக்கட்டும்

தங்கச்சி, அமெரிக்காவில் இருக்கும் நம் பெண்களிடம் "கிரீன் கார்டு எந்த நிலையில் இருக்கிறது?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது: "அவருக்குத்தான் தெரியும்." எனக்கு இந்தப் பதில் பிடிப்பதே இல்லை. அந்த மனுவில் உன் பெயரும் இருக்கிறது, பிள்ளைகளின் பெயரும் இருக்கிறது. வீட்டுக்காரருக்கு வேலை போனாலும், குடும்பத்தில் மனக்கசப்பு வந்தாலும், உன் அனுமதியும் அவருடையதோடு சேர்ந்தே போகும். படித்த பெண், கணக்கு வழக்கெல்லாம் பார்க்கிறாய். இதை மட்டும் ஏன் இன்னொருவர் கையில் விட வேண்டும்? எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், பொறுமையாகக் கேள்.

கிரீன் கார்டு என்னும் நிரந்தர வசிப்புரிமைக்கு முக்கியமான வழிகள் இரண்டு: குடும்பம், வேலை. மற்றவற்றை ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். பன்முகத்தன்மை விசா என்று நடக்கும் சீட்டுக் குலுக்கலில் இந்தியாவில் பிறந்தவர்களுக்கு இடமில்லை. ஐந்து ஆண்டுகளில் 50,000 பேருக்கு மேல் குடியேறிய நாடுகளை அதில் சேர்ப்பதில்லை. முதலீட்டு வழியான இபி-5க்கு, 2022ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, கிராமப்புறம் அல்லது வேலையின்மை மிகுந்த பகுதி என்றால் 8,00,000 டாலர், மற்ற இடங்களில் 10,50,000 டாலர் போட வேண்டும். பத்துப் பேருக்கு வேலையும் உருவாக வேண்டும். "போட்ட பணம் நிச்சயம் திரும்பி வரும்" என்று யாராவது உறுதி கொடுத்தால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடு. நஷ்டமாகக் கூடிய பணமாக அது இருக்க வேண்டும் என்பதே சட்டம்.

தேதியும் பிறந்த ஊரும்

வேலை வழியாக ஆண்டுக்குச் சுமார் 1,40,000 கிரீன் கார்டு. இது 1990ஆம் ஆண்டுச் சட்டம் வைத்த எண்ணிக்கை. மனைவி, பிள்ளைகளும் இதற்குள்தான் அடக்கம். எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் மொத்தத்தில் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்பது இன்னொரு வரம்பு. இந்தியாவுக்கும் அதே அளவு, ஐஸ்லாந்துக்கும் அதே அளவு. நம் ஆட்கள் இத்தனை வருடம் காத்திருப்பதன் காரணம் இவ்வளவுதான்.

வரிசையில் உன் குடும்பத்தின் இடத்தைச் சொல்வது பிரையாரிட்டி டேட். வேலை வழியில், கம்பெனி தொழிலாளர் துறையிடம் 'பெர்ம்' என்னும் தொழிலாளர் சான்று விண்ணப்பம் கொடுத்த நாள் அது. பெர்ம் தேவைப்படாத பிரிவுகளில் குடியேற்றத் துறையிடம் ஐ-140 என்னும் வேலைவழி மனு போட்ட நாள். குடும்ப வழியில் ஐ-130 என்னும் உறவினர் மனு போய்ச் சேர்ந்த நாள். மாதா மாதம் அமெரிக்க வெளியுறவுத் துறை 'விசா புல்லட்டின்' வெளியிடுகிறது. அதில் இரண்டு அட்டவணை இருக்கும். ஒன்று, கார்டு கொடுக்கும் கட்டத்துக்கு வந்த தேதி. மற்றொன்று, விண்ணப்பம் கொடுக்கத் தொடங்கலாம் என்ற தேதி. எந்த மாதம் எந்த அட்டவணையைப் பார்க்க வேண்டும் என்பதைக் குடியேற்றத் துறை தனியாக அறிவிக்கும். 2025 அக்டோபர் புல்லட்டினில் இந்தியாவுக்கான இபி-2, இபி-3 என்னும் வேலைவழிப் பிரிவுகள் இரண்டிலும் 2013இல் வரிசையில் நின்றவர்களின் முறைதான் நடந்துகொண்டிருந்தது. தேதி முன்னால் போவது மட்டுமில்லை, சில மாதங்களில் பின்னாலும் வரும். அதனால் உன் தேதி திறந்திருக்கும் மாதத்தில் "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று இருந்துவிடாதே.

கணக்கில் எடுப்பது பிறந்த நாட்டைத்தான், பாஸ்போர்ட்டை அல்ல. நம் தமிழ்க் குடும்பங்களுக்கு இது ரொம்ப முக்கியம். வீட்டுக்காரர் மதுரையில் பிறந்தவர், நீ யாழ்ப்பாணத்தில் பிறந்தவள் என்று வைத்துக்கொள். அல்லது உன் அப்பா வேலை பார்த்த காலத்தில் நீ குவைத்திலோ சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ பிறந்திருக்கலாம். அப்படியானால், மனு அவர் பெயரில் இருந்தாலும் உன் பிறந்த நாட்டின் வரிசையில் குடும்பம் முழுவதும் சேரலாம். பல வருடக் காத்திருப்பு அப்படியே குறைந்துவிடும். இது தானாக நடக்காது. வக்கீல் உன் பிறப்புச் சான்றை வைத்துக் கேட்க வேண்டும். பிள்ளை வெளிநாட்டில் பிறந்திருந்தால் அந்த நாடு அப்பா அம்மாவுக்கு உதவாது. கணவன் மனைவிக்குள் மட்டும்தான் இந்த மாற்று.

வேலை வழியில் வருகிறவர்களுக்கு

ஹெச்-1பி வேலை விசா ஆறு வருடம். பெர்மோ ஐ-140ஓ போட்டு 365 நாள் ஆகியிருந்தால் ஒவ்வொரு வருடமாக நீட்டலாம். ஐ-140 ஒப்புதலாகிவிட்டால், வரிசை வராதவரை மூன்று மூன்று வருடமாக நீட்டலாம். ஆகையால் கம்பெனியிடம் கிரீன் கார்டு பேச்சை இரண்டாவது மூன்றாவது வருடத்திலேயே எடுக்கச் சொல். சம்பள நிர்ணயம், ஆள்தேடும் விளம்பரம், பெர்ம் பரிசீலனை என்று அதற்கே இரண்டு வருடம் போலப் போய்விடுகிறது. ஆறாவது வருடத்தில் முழித்துக்கொண்டால் பெட்டி கட்ட வேண்டிய நிலை வரும்.

பெர்முக்கான வக்கீல் கட்டணத்தையும் விளம்பரச் செலவையும் கம்பெனிதான் ஏற்க வேண்டும். 2007இலிருந்து இது விதி. சம்பளத்தில் பிடிப்பதும், "வேலையை விட்டால் திருப்பிக் கட்டு" என்று அந்தச் செலவுக்குக் கையெழுத்து வாங்குவதும் சட்டத்துக்குப் புறம்பானவை.

ஐ-140 ஒப்புதலானதும் வரும் ஐ-797 அறிவிப்பின் நகலைக் கேட்டு வாங்கு. பல கம்பெனிகள் அதைத் தாங்களே வைத்துக்கொள்கின்றன. வேறு கம்பெனிக்கு மாறினால் பெர்மையும் ஐ-140ஐயும் புதிதாகத்தான் போட வேண்டும். ஆனால் பழைய தேதி கூடவே வரும். ஒப்புதலாகி 180 நாள் கடந்துவிட்டால், பழைய கம்பெனி பிறகு மனுவைத் திரும்பப் பெற்றாலும் ஹெச்-1பி நீட்டிப்புக்கு அது பயன்படும். நகல் தர மறுத்தால், தகவல் அறியும் சட்டத்தின்கீழ் குடியேற்றத் துறையிடம் வீட்டுக்காரரே தன் கோப்பைக் கேட்டு வாங்கலாம்.

நீயும் வேலைக்குப் போகிறவள் என்றால் உன் பெயரிலும் ஒரு மனு போட்டு வைப்பது நல்லது. இருவரில் யார் தேதி முந்துகிறதோ அதில் மற்றவர் சேர்ந்துகொள்ளலாம். ஒருவர் வேலை ஆட்டம் கண்டாலும் இன்னொன்று நிற்கும். ஹெச்-1பிக்காரரின் மனைவியாக ஹெச்-4 விசாவில் இருப்பவர்கள், வீட்டுக்காரரின் ஐ-140 ஒப்புதலான பிறகு வேலை அனுமதி கேட்கலாம். 2015இலிருந்து இந்த வசதி உண்டு.

நர்ஸ் தங்கைகளே, உங்களுக்கு ஒரு தனி வாசல் இருக்கிறது. ஆள் பற்றாக்குறை உள்ள தொழில் என்று நர்ஸ்களையும் பிசியோதெரபிஸ்ட்களையும் 'ஷெட்யூல் ஏ' பட்டியலில் வைத்திருப்பதால் பெர்ம் கட்டம் இல்லை. என்கிளெக்ஸ் தேர்வு, ஆங்கிலத் தேர்வு, விசாஸ்க்ரீன் சான்று ஆகியவற்றை முடித்தவரை மருத்துவமனை நேரடியாக ஐ-140க்கு ஸ்பான்சர் செய்யலாம். இபி-3 வரிசையில் இந்தியக் காத்திருப்பு இதற்கும் உண்டு. காத்திருக்கும் காலத்தைக் காட்டி ஏஜென்ட் உன்னைப் பல வருட ஒப்பந்தத்தில் கட்டப் பார்ப்பான். வேலையை விட்டால் எவ்வளவு அபராதம் என்ற பக்கத்தை முதலில் படி.

பிள்ளைக்கு 21

எனக்கு ரொம்ப வேதனை தருவது இதுதான். நான்கைந்து வயதில் கூட்டிவந்த பிள்ளை, அமெரிக்கப் பள்ளியிலேயே படித்து வளர்ந்து, 21 வயதில் அப்பாவின் மனுவிலிருந்து விழுந்துவிடுகிறது. ஹெச்-4உம் அன்றோடு முடிந்துவிடும். 2002இல் வந்த பிள்ளைகள் பாதுகாப்புச் சட்டம் கொஞ்சம் கைகொடுக்கும். வரிசை திறந்த நாளில் பிள்ளைக்கு என்ன வயதோ, அதிலிருந்து மனு பரிசீலனையில் கிடந்த நாட்களைக் கழித்து வருவதுதான் கணக்கில் உள்ள வயது. அது 21க்குக் கீழே இருந்து, ஒரு வருடத்துக்குள் விண்ணப்பித்தால் தப்பிக்கலாம். எந்த அட்டவணையை வைத்து வயதைக் கணக்கிடுவது என்பதை 2025 ஆகஸ்டில் மாற்றினார்கள். இப்போது கார்டு கொடுக்கும் தேதி அட்டவணைதான் செல்லும், அதனால் முன்பைவிடக் கடினம். பிள்ளைக்கு 17 ஆகும்போதே வக்கீலிடம் உட்கார்ந்து கணக்குப் போடு. தேதி எட்டாது என்று தெரிந்தால், மாணவர் விசாவுக்கு மாற்றும் வேலையை 21ஆவது பிறந்தநாளுக்கு முன்பே முடித்தாக வேண்டும்.

கல்யாணமும் தேதியும்

நம் வீடுகளில் கல்யாணத் தேதியை ஜாதகம் பார்த்து வைக்கிறோம். அமெரிக்க மாப்பிள்ளை என்றால் விசாவையும் பார்த்துத்தான் வைக்க வேண்டும்.

மாப்பிள்ளை குடியுரிமை பெற்றவர் என்றால் மனைவிக்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது; மனு பரிசீலிக்கும் காலம்தான் காத்திருப்பு. ஹெச்-1பி என்றால் நீ ஹெச்-4இல் கூடவே போகலாம். நடுவில் இருப்பவர் கிரீன் கார்டு வைத்திருப்பவர். "கிரீன் கார்டு மாப்பிள்ளை" என்று பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் அவர் மனைவிக்கு ஹெச்-4 கிடையாது, எஃப்-2ஏ என்னும் குடும்ப வரிசையில் ஊரில் இருந்தே காத்திருக்க வேண்டும். அவருக்குக் கார்டு ஒப்புதலாகும் முன்பே கல்யாணம் முடிந்திருந்தால், அவர் மனுவின் தொடர்ச்சியாகவே மனைவி போகலாம். ஒரு மாதம் முன்னே பின்னே ஆவதில் இருவரும் வருடக்கணக்கில் பிரிந்திருக்க நேரிடும். ஆகவே பெண் பார்க்கும் கட்டத்திலேயே கேட்டுவிடு: இப்போது என்ன விசா, கார்டுக்கான கடைசி விண்ணப்பமான ஐ-485 போட்டாயிற்றா, எந்தத் தேதி. இதைக் கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

இன்னொன்று. கிரீன் கார்டு வைத்திருக்கும் அப்பாவோ அம்மாவோ, கல்யாணமாகாத மகளுக்கு மனு போட்டிருக்கிறார் என்றால், அவர் குடியுரிமை வாங்கும் முன் மகளுக்குக் கல்யாணம் ஆனால் அந்த மனு அன்றே ரத்து. கிரீன் கார்டுக்காரர் மணமான பிள்ளைக்கு மனுப் போட முடியாது. குடியுரிமை பெற்றவருக்குத்தான் அந்த உரிமை. குடியுரிமை வாங்கிய பிறகு கல்யாணம் என்றால் பிரிவுதான் மாறும், தேதி போகாது. முகூர்த்தம் குறிக்கும் முன் இதை இரண்டு வீட்டிலும் பேசு. மறைத்துவிட்டுப் போகலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதே. பொய் சொல்லி வாங்கிய கார்டு எத்தனை வருடம் கழித்தும் பறிபோகும்.

கணவர் உனக்காகப் போட்ட மனுவில், கல்யாணமாகி இரண்டு வருடத்துக்குள் கிரீன் கார்டோடு நுழைந்தால் கிடைப்பது இரண்டு வருட நிபந்தனைக் கார்டு. அது காலாவதியாகும் முன் கடைசி 90 நாளில் இருவரும் சேர்ந்து, நிபந்தனையை நீக்கக் கேட்கும் ஐ-751 மனுவைப் போட வேண்டும். "சொன்னபடி கேட்கவில்லை என்றால் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று மிரட்டும் ஆண்கள் இருக்கிறார்கள். தெரிந்துகொள் தங்கச்சி: விவாகரத்து ஆனாலோ, வீட்டில் கொடுமை நடந்தாலோ, அவர் கையெழுத்து இல்லாமல் நீயே தனியாக அதைப் போடலாம். அவர் இன்னும் மனுவே போடாமல் இழுத்தடித்து உன்னை அடித்து வைத்திருக்கிறார் என்றால், குடியுரிமைக்காரர் அல்லது கிரீன் கார்டுக்காரரின் மனைவி தானே ஐ-360 மனு போடச் சட்டம் இடம் தருகிறது. அதை அவருக்குத் தெரிவிக்க மாட்டார்கள். ரகசியம் காக்க வேண்டும் என்பதே சட்டம். ஹெச்-4இல் அடிபடும் பெண்ணுக்கும் வேலை அனுமதி கேட்கத் தனிப் படிவம் இருக்கிறது, ஐ-765வி. குடும்ப வன்முறைக்கான தேசிய உதவி எண் 1-800-799-7233, எந்த நேரமும் எடுப்பார்கள், மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம். நியூ ஜெர்சியில் தெற்காசியப் பெண்களுக்காக 1985இலிருந்து இயங்கும் 'மானவி' அமைப்பு உண்டு. பாஸ்போர்ட், ஐ-797, கல்யாணச் சான்று ஆகியவற்றின் நகல்களை உன் மின்னஞ்சலிலும், ஊரில் நம்பிக்கையான ஒருவரிடமும் வைத்திரு. சண்டை இல்லாத வீட்டிலும் இதைச் செய்.

ஸ்பான்சர் செய்கிறவர் கையெழுத்துப் போடும் ஐ-864 உறுதிமொழி வெறும் சம்பிரதாயம் அல்ல. வறுமைக் கோட்டு அளவின் 125 சதவீதத்துக்கு வந்தவரைத் தாங்குவேன் என்று அரசாங்கத்தோடு செய்யும் ஒப்பந்தம் அது. விவாகரத்தானாலும் அது முடிவதில்லை; வந்தவர் குடியுரிமை வாங்கும்வரை, அல்லது சுமார் பத்து வருட உழைப்புக் கணக்கு சேரும்வரை தொடரும். மனைவியாகப் போகும் பெண்ணுக்கு அது ஒரு பிடி. தெரிந்தவருக்காகக் கூட்டு ஸ்பான்சராகக் கையெழுத்துப் போடக் கேட்டால், அதே காரணத்துக்காக நன்றாக யோசித்துப் போடு.

ஊரில் எடுக்க வேண்டிய காகிதங்கள்

பெயர்தான் நமக்குப் பெரிய தலைவலி. பள்ளிச் சான்றில் "எஸ். கவிதா", பாஸ்போர்ட்டில் "கவிதா சுப்பிரமணியன்", ஆதாரில் வெறும் "கவிதா", கல்யாணச் சான்றில் கணவர் பெயரோடு. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் விசாவில் முதல் பெயர் இடத்தில் 'எஃப்என்யூ' என்று விழும். பிறகு வங்கி, ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றிலும் அது துரத்தும். இனிஷியலை விரித்து, பெயர் ஒரு பகுதி, குடும்பப் பெயர் ஒரு பகுதி என்று பாஸ்போர்ட்டை முதலில் சரிசெய். மற்றவை அதைப் பின்பற்றட்டும். பழைய சான்றுகளுக்கு, இரண்டு பெயரும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதி வைத்துக்கொள்.

பிறப்புச் சான்றில் "பெண் குழந்தை" என்று மட்டும் இருந்தால் செல்லாது. பெயர் சேர்த்து, அப்பா அம்மா பெயர் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டலோடு ஒத்துப்போகிறதா என்று பார். பதிவே இல்லையென்றால், பதிவு இல்லை என்ற சான்றை நகராட்சியிலோ தாலுகா அலுவலகத்திலோ வாங்கு. கூடவே உன் பிறப்பை நேரில் அறிந்த மூத்தவர்கள் இருவரின் உறுதிமொழிப் பத்திரம் வேண்டும். பாட்டியோ பெரியப்பாவோ நலமாக இருக்கும்போதே அதை எழுதி வாங்கிவிடு. கோயில் கல்யாணமாக இருந்தாலும் பதிவு கட்டாயம். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. ஊரில் இருந்து குடியேற்ற விசா வாங்கும் கட்டம் என்றால், சென்னையில் துணைத் தூதரகம் இருக்கிறதே என்று எண்ணாதே. நேர்காணலுக்கு வழக்கமாக மும்பைக்குத்தான் போக வேண்டும். மருத்துவப் பரிசோதனையைத் தூதரகம் அங்கீகரித்த மருத்துவரிடம் மட்டும் செய்.

அண்ணன் போட்ட மனு, அப்பா அம்மா

குடியுரிமை பெற்ற அண்ணனோ அக்காவோ உடன்பிறந்தவர்களுக்குப் போடும் எஃப்-4 மனுவில், அதே 2025 அக்டோபரில் இந்தியாவுக்கு நடந்தது 2006இல் போட்டவர்களின் முறை. இத்தனை காலத்தில் முகவரி மாறும், மின்னஞ்சல் மாறும், மனு போட்ட வக்கீலே ஓய்வு பெற்றிருப்பார். தேசிய விசா மையத்திலிருந்து விசா கட்டத்துக்கு வந்துவிட்டது என்று அறிவிப்பு வந்து ஒரு வருடம் பதில் போடாமல் இருந்தால் மனுவை ரத்து செய்யலாம். கேஸ் நம்பரை எழுதி வைத்துக்கொண்டு, முகவரியைப் புதுப்பித்து, வருடம் ஒரு முறையாவது இணையத்தில் நுழைந்து பார். பிள்ளைகள் கல்லூரி முடித்துவிட்டிருப்பார்கள், அவர்கள் இதில் வர முடியாமல் போகலாம் என்பதையும் இப்போதே மனதில் வை.

அப்பா அம்மாவைக் கூப்பிட உனக்குக் குடியுரிமை வேண்டும். கிரீன் கார்டு போதாது. அப்பாவுக்கு ஒரு ஐ-130, அம்மாவுக்கு ஒரு ஐ-130, தனித்தனியாக. கூட இருக்கும் தம்பி அதில் ஒட்டிக்கொண்டு வர முடியாது. கூப்பிடும் முன் அவர்களிடம் மனம்விட்டுக் கேள்: அங்கே வாழ விருப்பமா, பேரப்பிள்ளைகளைப் பார்த்துவிட்டுத் திரும்ப விருப்பமா? திரும்புகிறவர்களுக்குச் சுற்றுலா விசாவே நிம்மதி. கிரீன் கார்டு என்பது அங்கே குடியிருப்பவருக்கான அட்டை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை வந்து தலைகாட்டினால் போதும் என்பது தவறான நம்பிக்கை. ஒரு வருடத்துக்கு மேல் வெளியே இருக்க நேர்ந்தால், புறப்படும் முன் அமெரிக்காவில் இருக்கும்போதே மறுநுழைவு அனுமதி கேட்க வேண்டும். இரண்டு வருடம் வரை கிடைக்கும். விமான நிலையத்தில் யாராவது ஐ-407 என்ற தாளை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னால், அது கார்டைத் தானாக விட்டுக்கொடுக்கும் தாள் என்று அவர்களுக்குச் சொல்லி வை. போட வேண்டிய கட்டாயம் இல்லை. குடியேற்ற நீதிபதி முன் போகக் கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு.

குடியுரிமை இல்லாதவர் யாராக இருந்தாலும், வீடு மாறினால் பத்து நாளுக்குள் ஏஆர்-11இல் முகவரியைத் தெரிவிக்க வேண்டும். இலவசம், ஐந்து நிமிட வேலை.

விதிகள் அடிக்கடி மாறுகின்றன. வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாமல், முகவரி '.கவ்' (.gov) என்று முடியும் அரசு இணையதளங்களைப் பார். சிக்கலான கேஸ் என்றால் குடியேற்றச் சட்டம் மட்டுமே பார்க்கும் வக்கீலிடம் போ. வசதி இல்லாவிட்டால் அமெரிக்க நீதித்துறை அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிகள் தொண்டு நிறுவனங்களில் குறைந்த கட்டணத்தில் செய்து தருகிறார்கள். படிவங்கள் எல்லாம் அரசு இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கும். அதிகக் கட்டணம் கட்டி வாங்கும் 'பிரீமியம் பிராசஸிங்' ஐ-140 முடிவை விரைவாகச் சொல்லுமே தவிர, வரிசையில் உன்னை ஒரு நாள்கூட முன்னே நகர்த்தாது. தேதியை முன்னால் கொண்டுவந்து தருகிறேன் என்று சொல்லும் ஏஜென்ட் யாராக இருந்தாலும், நம் ஊர்க்காரராகவே இருந்தாலும், ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதே. அந்த வரிசையை எந்த ஏஜென்டாலும் மாற்ற முடியாது.